மைக்காரரின் ஜலதோஷம்

ஜலதோஷத்துக்குப் பயப்படுகிற மனிதரை நீங்கள் பார்த்ததில்லை என்றால் மைக்காரரைப் போய்ப் பாருங்கள். ஆனால் தும்மாமல் போங்கள். கரப்பான் பூச்சியைக் கையாலேயே பிடித்து வெளியே போடுகிற ஆள். எதிர்வீட்டில் தீப்பிடித்தபோது எல்லோரும் ஓடிவர, இவர் மட்டும் உள்ளே ஓடி சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்பேர்ப்பட்டவருக்குப் பக்கத்தில் யாராவது மூக்கை உறிஞ்சினால் போதும், முகம் வெளுத்துவிடும்.

வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. தெருவில் அது யாருக்கும் தேவைப்படவில்லை. தீர்ந்துபோன பிரின்டர் கார்ட்ரிட்ஜுகளில் மறுபடி மை நிரப்பித் தருவது தொழில், அதனால் மைக்காரர். மாடிப்படிக்குக் கீழே ஒரு ஆள் உட்காரும் அளவுக்குக் கடை. மேஜைமேல் பழைய பேப்பர், கறுப்பும் நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகப் பாட்டில்கள், ஆஸ்பத்திரியில் இருப்பது போன்ற சிரிஞ்சுகள். கார்ட்ரிட்ஜ் தலையிலுள்ள லேபிளை நகத்தால் கிளப்பி, துளைக்குள் ஊசியை இறக்கி, மெதுவாக அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் மை பொங்கி விரலில் வழியும். அவசரப்படாவிட்டாலும் வழியும் என்பது வேறு விஷயம். எந்தச் சோப்புக்கும் அது போவதில்லை. அவருடைய கல்யாண போட்டோவில் அவரும் அவர் அண்ணனும் போலீஸ் பிடித்து நிறுத்தியவர்கள் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்கள். விரல் தெரியக் கூடாது என்பதற்காக.

கடை அண்ணன் ஆரம்பித்தது. தம்பிக்குத் தொழில் சொல்லிக்கொடுத்து, இரண்டு குடும்பமும் மேல்மாடியும் கீழ்மாடியுமாக ஒரே வீட்டில் இருந்தார்கள். உலகமே கதவைச் சாத்திக்கொண்ட அந்த வருடத்திலும் அண்ணன் சும்மா இருக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பாடமெல்லாம் வீட்டிலேயே அச்சடிக்க வேண்டியிருந்தது. மருந்துக்கடைகளுக்கும் பில் அடிக்க மை வேண்டும். சாப்பாட்டு மேஜையையே கடையாக்கி நிரப்பிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அண்ணனுக்குத் தும்மல் வந்தது. ஊரெல்லாம் வாங்குகிறார்களே என்று மைக்காரரும் விரலில் மாட்டிப் பார்க்கிற சின்ன மெஷின் ஒன்றை அடித்துப்பிடித்து வாங்கிவந்திருந்தார். மை நிரப்பிக்கொண்டிருந்த அண்ணனின் கையைப் பிடித்து இழுத்து மாட்டினார். ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லும். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருந்தால் நல்லது. அண்ணனுக்கு எண்பத்தைந்து.

"டேய், எனக்கு ஒண்ணும் இல்லடா. மூச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. சாதாரண ஜலதோஷம்," என்று அண்ணன் சிரித்தார்.

"ரெண்டு நாள் பாப்போமே தம்பி," என்றாள் அண்ணி.

மைக்காரர் கேட்கவில்லை. கத்தினார், அழுதார், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். கடைசியில் தம்பியின் பிடுங்கல் தாங்காமல் அண்ணன் கிளம்பினார். அதிலும் ஒரு கெத்து. ஆஸ்பத்திரிக்குச் செருப்போடு போனால் மதிக்க மாட்டார்கள் என்று பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு, லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் இறங்கினார். பக்கத்தில் வரக் கூடாது என்று தடுத்துவிட்டதால் மைக்காரர் மாடி ஜன்னலில் நின்று பார்த்தார். உடம்பு முழுக்க மூடிய இரண்டு பேர் அண்ணனை ஏற்றினார்கள். பின்கண்ணாடி வழியாகக் கறுப்பு விரல்கள் டாட்டா காட்டின. வண்டி போய்விட்டது. அண்ணன் திரும்பி வரவில்லை. இறந்த பிறகு முகத்தைக்கூட ஆஸ்பத்திரியில் காட்டவில்லை.

அதற்குப் பிறகு மைக்காரரைத் தாங்கிப் பிடித்தது ஒரே ஒரு நினைப்பு. "நாம தாமதம் பண்ணல. நம்பரப் பாத்தோம், உடனே அனுப்பினோம். நம்ம கையில இருந்ததச் செஞ்சோம்." துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் இதைத்தான் சொன்னார். அண்ணி தலையை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த மெஷினை மட்டும் கண்ணால் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அண்ணி அதைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்கிறார்கள். மூக்கை மூடிய துணிகள் தூசு துடைக்கப் போய்விட்டன. ஆனால் மைக்காரர் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்.

"முன்னெல்லாம் சளி வந்தா தானா போயிடும். இப்ப வந்தா வாடகைக்கு வந்த மாதிரி உக்காந்துக்குது," என்பார் டிரைவிங் ஸ்கூல்காரர்.

"அத்தன நாள் வீட்டுக்குள்ளயே இருந்தோம்ல, உடம்புக்குப் பழக்கம் விட்டுப்போச்சு," என்பார் வக்கீல் குமாஸ்தா.

மைக்காரரின் மனைவிக்கு வேறு கட்சி. அவள் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறாள். ஊரிலுள்ள அத்தனை குட்டி மூக்கும் அவள் தோளில்தான் துடைக்கப்படும். "சளி அதே சளிதாங்க. அப்ப தும்மிட்டு வேலையப் பாத்தோம். இப்ப ஒவ்வொரு தும்மலுக்கும் உக்காந்து அர்த்தம் தேடறோம். பெருசாத் தெரியாம என்ன செய்யும்?"

இதெல்லாம் மைக்காரர் காதில் ஏறவில்லை. தினமும் காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக ஊசி கழுவுகிற ஸ்பிரிட் பாட்டிலின் மூடியைத் திறந்து ஒரு முறை முகர்ந்து பார்ப்பார். சுருக்கென்று மூக்கில் ஏறினால் அன்றைக்கு உயிரோடு இருக்கலாம் என்று அர்த்தம். சிரிக்காதீர்கள். பயம் வந்தவனுக்கு இப்படி ஏதாவது ஒன்று பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அன்று காலை ஸ்பிரிட் மணக்கவில்லை.

மூடியைத் திருகி மறுபடி முகர்ந்தார். தண்ணீர் மாதிரி இருந்தது. முந்தின நாளிலிருந்தே மூக்கு அடைத்திருந்தது, தொண்டையில் கரகரப்பு வேறு. மனைவியிடம் சொல்லாமல் மறைத்திருந்தார். வேலையைப் பார்த்தால் மறந்துவிடும் என்று வக்கீல் ஆபீஸ் கார்ட்ரிட்ஜை எடுத்து ஊசியை இறக்கினார். இறக்கிய நேரம் பார்த்துத் தும்மல் வந்தது, சாதாரணத் தும்மலா, கூரையே பெயர்ந்துவிடும் போல. சிரிஞ்சு பிதுங்கிக் கறுப்பு மை இரண்டு கையிலும் நகம் நகமாக வழிந்தது. துணியில் துடைத்தார். துணிதான் கறுப்பானது.

கடையை அப்படியே போட்டுவிட்டு மேலே ஓடினார். மாடிப்படி ஏறியதும் மூச்சு வாங்கியது. எப்போதும் வாங்குவதுதான், ஆனால் இன்றைக்கு அதற்கு வேறு அர்த்தம். அண்ணி கதவைத் திறந்தாள்.

"அண்ணி, அந்த மெஷின்."

"எந்த மெஷின் தம்பி?" என்றாள். தெரியாமல் கேட்கவில்லை.

"எனக்கு வாசனை தெரியல அண்ணி."

அண்ணி அலமாரியைத் திறந்தாள். மெஷின் ஒரு கைக்குட்டையில் சுற்றியிருந்தது. டிவி ரிமோட்டிலிருந்து இரண்டு பேட்டரியையும் கழற்றி அதில் போட்டாள். மைக்காரர் ஆள்காட்டி விரலை உள்ளே விட்டார். சிவப்பு வெளிச்சம் வந்தது. கோடுகள் ஓடின. எண் வந்து நின்றது. எண்பத்தாறு.

இன்னொரு விரல். எண்பத்தேழு. அடுத்த கை. மறுபடி எண்பத்தாறு.

அண்ணன் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் மைக்காரரும் உட்கார்ந்துவிட்டார். சாகப்போகிறோம் என்பது அவருக்கு முடிவாகிவிட்டது. அதைவிட, எப்படிச் சாகப்போகிறோம் என்பது தெரிந்திருந்ததுதான் கொடுமை. ஒரு வண்டி வரும். ஏற்றுவார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கையாட்ட வேண்டும். கையாட்ட மாட்டேன் என்று முடிவு செய்துகொண்டார். என்னவோ, அதைச் செய்யாவிட்டால் திரும்பி வந்துவிடலாம் போல இருந்தது.

"ஆம்புலன்ஸ் வேணாம் அண்ணி. கையெடுத்துக் கும்பிடறேன். அது மட்டும் வேணாம்."

"வேணாம் தம்பி. டாக்ஸியில போவோம். நானும் வர்றேன்."

மனைவி காப்பகத்திலிருந்து ஓடிவந்தாள். கணவனுடைய பயத்தைக் கிண்டல் பண்ணியே பழகியவள், எண்ணைக் கேட்டதும் டாக்ஸி பிடிக்கத் தெருவுக்கு ஓடினாள். டாக்ஸியில் அவள் அழாமல் அவருடைய முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வழியில் நடக்கிறவர்கள், காய்கறி வாங்குகிறவர்கள், பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் எல்லோரையும் மைக்காரர் கடைசியாகப் பார்ப்பது போலப் பார்த்தார். இத்தனை பேருக்கும் மூச்சு வருகிறதே என்று பொறாமையாக இருந்தது.

கிளினிக்கில் நர்ஸ் தன்னுடைய மெஷினை மாட்டினாள். அதிலும் எண்பத்தேழு. மனைவி "ஐயோ" என்று சுவரில் சாய்ந்தாள். ஆனால் நர்ஸ் ஓடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. மைக்காரர் முகத்தைப் பார்த்தாள், பிறகு விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன சார் இது?"

"மை."

"கால நீட்டுங்க."

செருப்பைக் கழற்றிக் கால் விரலில் மெஷினை மாட்டினாள். தொண்ணூற்றெட்டு.

"நகத்துல கறுப்பா எதாவது இருந்தா சில நேரம் இது கொறச்சுக் காட்டும். நெயில் பாலிஷ் போட்டுக்கிட்டு வர்றவங்களுக்குக்கூட நடக்கும். மூக்கு அடச்சிருந்தா வாசனை தெரியாது. நெஞ்சு நல்லா இருக்குன்னு டாக்டர் ஒரு தடவ பாத்துச் சொல்லிடுவார், வீட்டுக்குப் போயிடலாம்."

டாக்டரும் பார்த்தார். வெறும் ஜலதோஷம் என்றார்.

மைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனைவி அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். "மையால சாகப் பாத்தீங்களே! இத ஊரெல்லாம் சொல்லலைன்னா என் பேர மாத்திக்கறேன்." நர்ஸும் சிரித்தாள். மைக்காரரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரும்பி அண்ணியைப் பார்த்தார். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

சாப்பாட்டு மேஜை. மை நிரப்பிக்கொண்டிருந்த அண்ணனின் கை. அதைப் பிடித்து இழுத்து மெஷினை மாட்டிய தன்னுடைய கை. எண்பத்தைந்து. எனக்கு ஒண்ணும் இல்லடா. கண்ணாடிக்குப் பின்னால் ஆடிய கறுப்பு விரல்கள். சோதனை முடிவு வருவதற்குள் நோயாளிகளுக்கு நடுவில் அண்ணனுக்கு ஒரு கட்டில் கொடுத்துவிட்டார்கள். நோய் இருக்கிறது என்று முடிவு பிறகுதான் வந்தது. போகும்போதே அது இருந்ததா, போன இடத்தில் ஒட்டிக்கொண்டதா? அண்ணனுக்கும் வெறும் ஜலதோஷம்தான் என்றால்?

காலையில் வந்த பயம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அண்ணிக்கும் இது தோன்றியிருக்குமா? இரண்டு கையையும் சட்டைப் பைக்குள் விட முயன்றார். பை சின்னது, விரல் வெளியே தெரிந்தது.

திரும்பும்போது மனைவி முன்சீட்டில் உட்கார்ந்து, டிரைவரிடம் நடந்ததையெல்லாம் கை காலோடு சொல்லிக்கொண்டு வந்தாள். டிரைவர், தன் வீட்டிலும் சளி இப்போதெல்லாம் விடுவதே இல்லை என்று தன் கதையை ஆரம்பித்தார். பின்சீட்டில் மைக்காரரும் அண்ணியும். நடுவில் அண்ணியின் பை. அதற்குள் மெஷின்.

பாதி வழியில் அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, முன்சீட்டில் கேட்காத குரலில் சொன்னாள்.

"தம்பி, அவருக்கும் அன்னிக்குக் கால்ல வெச்சுத்தான் பாத்தாங்க."

மைக்காரர் திரும்பினார்.

"ஆம்புலன்ஸ்ல வந்தவங்க. ஏத்தறதுக்கு முன்னாடி, வாசல்லயே. கை கறுப்பா இருக்குன்னு கால் விரல்ல வெச்சுப் பாத்தாங்க. அதுலயும் கம்மியாத்தான் இருந்துச்சு. நான் பக்கத்துல நின்னேன். நீங்க செஞ்சது சரிதான் தம்பி."

மைக்காரர் அண்ணியின் முகத்தைப் பார்த்தார். மாடி ஜன்னலில் நின்று அன்று அவர் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். அண்ணன் வாசலைத் தாண்டியதிலிருந்து வண்டிக் கதவு சாத்தியதுவரை கண்ணை எடுக்கவில்லை. அண்ணன் பாலிஷ் போட்ட பூட்ஸோடு நடந்துபோய், பூட்ஸோடு ஏறி உட்கார்ந்தார். யாரும் லேஸை அவிழ்க்கவில்லை. அண்ணி வாசலுக்கு வரவும் இல்லை. அவளையும் தள்ளித்தான் நிறுத்தியிருந்தார்கள், மாடிப்படியிலேயே.

அப்படியானால் அண்ணிக்கு இது இன்றைக்குத் தோன்றியதல்ல. என்றைக்கோ யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள். நாம தாமதம் பண்ணல என்று அவர் ஊருக்கெல்லாம் சொன்னபோது, தெரிந்துகொண்டேதான் தலையை ஆட்டியிருக்கிறாள். மெஷினைப் பூட்டி வைத்தது எதற்கு என்று இப்போது அவருக்குப் புரிந்தது.

"அப்ப சரி அண்ணி," என்றார்.

"சரிதான்," என்றாள் அண்ணி.

அவருக்கு மறுபடி தும்மல் வந்தது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. அண்ணி பையைத் திறந்து, மெஷினைச் சுற்றியிருந்த கைக்குட்டையை உருவி அவரிடம் நீட்டினாள்.

"தொடச்சுக்கங்க. சாதாரண ஜலதோஷம்தான்."

மைக்காரர் அதை வாங்கி முகத்தை மூடிக்கொண்டார். வீடு வரும்வரை எடுக்கவில்லை.