மலையுச்சியில் அடித்த போன்

நான் முதல் கைப்பேசி வாங்கியபோது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்து வீட்டில் லைன் கிடைக்காது. அம்மா கொழுந்து வெட்டும் மலையுச்சியில்தான் கிடைக்கும். வேலை தேடிக்கொண்டிருந்த நான், மலையேறச் சோம்பல்பட்டு, போனை அம்மாவிடமே கொடுத்தனுப்புவேன்.

ஒருநாள் ஒரு கம்பெனி அழைத்தபோது அம்மாவே எடுத்து, தமக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் பேசியிருக்கிறார்.

“உன்ன யாரும்மா பேசச் சொன்னா? மானமே போச்சு லா! இனிமே எடுக்காத!” என்று கத்தினேன்.

மறுவாரம் அம்மா மழையில் ஓடிவந்தார். முழங்காலில் ரத்தம் வழிந்தது. பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்த போன் மட்டும் நனையவில்லை.

“அடிச்சுக்கிட்டே இருந்துச்சுடா. நீ பேசணுமேன்னு தூக்கிட்டு ஓடியாந்தேன். பாதி மலையிலயே நின்னு போச்சு,” என்றார், தப்புச் செய்தவர்போல.

இப்போது வீட்டுக்குள்ளேயே லைன் கிடைக்கிறது. “நீயே எடுத்துப் பேசும்மா” என்று எத்தனை முறை கெஞ்சினாலும், போன் அடித்தால் அம்மா அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் ஓடி வருகிறார்.