உயிரோடு பிடித்த மிருகம்

சண்டைக் காலத்தில் மூதூருக்குப் போகும் லாஞ்சிப் படகில் யாரும் அதிகம் கதைப்பதில்லை. என் பக்கத்தில் இருந்த பள்ளிக்கூட ரீச்சர், மூக்குக் கண்ணாடி வழுக்க, கைப்பைக்குள் ஒரு சின்ன வீடியோ கேமை மறைத்து வைத்து விளையாடிக்கொண்டிருந்தார். என்ன விளையாட்டு என்று கேட்டேன்.

"மிருகங்களைப் பிடிச்சுச் சேர்க்கிறது. இப்ப வந்திருக்கிற இதுதான் எல்லாத்திலயும் பலமானது, ஒண்டே ஒண்டுதான் இருக்கு. அடிச்சு விழுத்தினா பிறகு வராது."

திடீரென்று உரத்துச் சொல்லிவிட்டார்: "உயிரோட பிடிச்சாச்சு!"

எதிரே, காணாமல்போன மகனின் படத்தோடு இருந்த அம்மா நிமிர்ந்தார். "ஆரைப் பிள்ளை? உயிரோடயோ?"

"இல்லை அம்மா... இது விளையாட்டு."

சொன்ன கையோடு ரீச்சர் கேமை அணைத்தார். இறங்குதுறை வரும்வரை நாங்கள் இருவரும் தலை நிமிரவில்லை.

விளையாட்டைப் பதிந்து சேமிக்காமல் அணைத்தால் பிடித்த மிருகம் இல்லாமல் போய்விடும் என்று பின்னால்தான் அறிந்தேன். அவர் தெரிந்துதான் அணைத்தாரோ என்று இன்னும் யோசிக்கிறேன்.