வருஷத்துக்கொரு கையெழுத்து

நான் தஞ்சாவூர்க்காரி. கல்யாணம் பண்ணி மலேசியாவிலுள்ள பட்டர்வொர்த்துக்கு வந்தவள். நான் இந்த நாட்டில் இருக்க வேண்டுமென்றால், வருஷா வருஷம் என் வீட்டுக்காரர் குடிநுழைவு அலுவலகத்துக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் வராவிட்டால் இங்கே தங்குவதற்கான பாஸ் இல்லை. பாஸ் இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இவருடைய பாட்டனை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கப்பலில் வந்தார். அம்மை கிம்மை இருக்கிறதா என்று தீவில் நிறுத்திப் பார்த்துவிட்டு, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்ட அனுப்பிவிட்டார்கள். சுதந்திரத்துக்கப்புறம் குடியுரிமையும் கிடைத்தது. அவருக்கு எந்தப் பெண்டாட்டி வந்து கையெழுத்துப் போட்டாளாம்?

போன தடவை பாஸ் முடிகிற நேரம் பார்த்து எங்களுக்குள் சண்டை. நான் வைத்த ரசத்தில் இந்த மனுஷன் இறால் விழுது சம்பலை, அதான் பெலாச்சானை, அள்ளிப் போட்டுக் கலக்கினார். ஐயோ, ரசத்தில்! "நான் ஊருக்கே போறேன்" என்று கத்தினேன். "போயேன் லா" என்றுவிட்டார். அத்தோடு வீட்டில் பேச்சு நின்றது.

கடைசி நாளும் வந்தது. நானாகப் போய்க் கூப்பிடுவேனா? மாட்டேன். காலையில் பார்த்தால் ஆளைக் காணோம், மோட்டார் சைக்கிளையும் காணோம். போச்சு, நிஜமாகவே அனுப்பப் போகிறார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே, அக்கரையிலிருக்கும் அலுவலகத்துக்கு ஃபெரி ஏறினேன்.

அலுவலகத்துக்குள் நுழைந்தால், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். தீபாவளிச் சட்டை. கையில் நம்பர் சீட்டு. பக்கத்து நாற்காலியில் ஹெல்மெட்டை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வாயைத் திறக்கவில்லை, பெரிய ராசா! நானும் திறக்கவில்லை.

எங்கள் நம்பர் வந்தது. ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்ற எங்களை, கவுண்டரிலிருந்த மலாய் அக்கா மாறி மாறிப் பார்த்தார். "மனைவி உங்களோடதான் இருக்காங்களா? நீட்டிக்கணுமா?" என்று மலாயில் கேட்டார்.

இவர் தொண்டையைச் செருமினார். "ஆமாங்க. எவ்வளவு காலத்துக்குக் குடுக்க முடியுமோ, அவ்வளவும் குடுத்துடுங்க."

அக்கா சிரித்துவிட்டார். இதுவரை ஒவ்வொரு வருஷமாகக் கிடைத்தது, இந்த முறை ஐந்து வருஷத்துக்கு.

வெளியே வந்து மோட்டாரை எடுத்தார். நான்தான் முதலில் பேசினேன்.

"வீட்டுல பெலாச்சான் தீந்துபோச்சு. போற வழியில வாங்கிக்கலாம்."