நித்திரையைக் கலைக்காத பானம்

என் தம்பி மன்னாரின் தாழ்வுபாட்டிலிருந்து கொழும்புக்கு மீன் லொறி ஓட்டினான். வழியில் கண் சொருகாமலிருக்க எனர்ஜி டிரிங் குடிப்பான். ஒருநாள் திரும்பி வருகையில், மடுவுக்குப் போகும் சந்திக்கு அண்மையில் லொறியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் தலை சாய்த்திருக்கிறான். கண்டவர்கள் தூங்குகிறான் என்றே நினைத்தார்களாம். இதயம் நின்றிருந்தது. அந்தப் பானம்தான் காரணமென்று எந்த டொக்டரும் சொல்லவில்லை. இல்லையென்றும் சொல்லவில்லை. சீற்றின் கீழே கிடந்த வெறும் பான ரின்களை மச்சாள், அவன் மனைவி, ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

அதன்பிறகு ஒழுங்கையில் லொறிச் சத்தம் கேட்டால் அவள் கேற்றைத் திறக்கப் பாதி எழும்புவாள். பிறகு உட்காருவாள். நான் பார்க்காததுபோல் இருப்பேன்.

அவனுடைய ஆண்டுத் திருப்பலி முடிந்தபின், சாரதிகளுக்கென்று ஒரு பானம் செய்யப்போவதாகச் சொன்னாள். கல்யாணத்துக்கு முன் அவள் கோடியல் என்கிற பழச்சாற்றுப் பாகு செய்யும் இடமொன்றில் வேலை செய்தவள். பனங்கட்டியைக் கரைத்து, தேசிக்காய்ச் சாறும் நன்னாரியும் கொஞ்சம் உப்பும் சேர்த்தோம். ருசி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மன்னார் வெக்கையில் பனங்கட்டிப் பாணி புளித்து, பூட்டிய அறைக்குள் போத்தல்கள் வெடித்தன. நான் ஓடிப்போனபோது அவள் கதவில் கைவைத்தபடி நின்றாள்.

"அவர் தட்டுறார் எண்டு நினைச்சிட்டன், மச்சாள்," என்றாள். அவளுக்கு நானும் மச்சாள்தான்.

சுகாதாரப் பரிசோதகர் வந்து, பானத்தை எந்தச் சூட்டில் காய்ச்சுவது, போத்தல்களை எப்படி அவிப்பது என்று பொறுமையாகக் காட்டித் தந்தார். அடுத்த முறை ஒன்றும் வெடிக்கவில்லை. அந்த அமைதியும் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குப் பட்டது.

எங்கள் போத்தல்களை முதலில் வாங்கியவர் முசலிப் பக்கத்துக் கடைக்காரர், நல்ல மனிதர். சாரதிகள் குறை சொல்கிறார்கள் என்றார்: களைப்புப் போகிறது, நித்திரை போகவில்லை. கொஞ்சம் கஃபீன் தூள் கலந்தால் லொறிக்காரர் முழுப்பேரும் வாங்குவார்கள் என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது.

"நித்திரை வந்தா நிப்பாட்டிப்போட்டுப் படுக்கட்டும். அதை நான் கலைக்கமாட்டன்," என்றாள் மச்சாள். அதையே லேபிளிலும் அச்சடித்தாள்.

அந்த லேபிளை ஒருவர் நம்பினார். ஒரு மத்தியானம், பானம் செய்து விற்கும் எங்கள் கொட்டிலுக்கு முன்னால் லொறியை நிறுத்தி, ஒரு போத்தல் வாங்கிக் குடித்துவிட்டு, ஸ்டியரிங்கிலேயே தலையை வைத்துப் படுத்தார். மச்சாள் எழும்பினாள். வெயிலில் போய், கண்ணாடிக்கு வெளியே நின்று, அவர் முதுகு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டேன். அசையவில்லை. அவர் எழும்பியதும், வழியை மறித்துவிட்டேனோ என்று நினைத்து மன்னிப்புக் கேட்டார். நான்தான், "இல்லை அண்ணை, ஆறுதலாப் போங்கோ," என்றேன்.

இப்போது அடம்பனில் அறுவடைக்காரரும் உழவு மெசின்காரரும் விரும்பி வாங்குகிறார்கள். லொறிக்காரர் குறைவு. வருகிறவர்கள் படுக்கவென்று வேப்பமரத்தடியில் இரண்டு சாக்குக் கட்டில் போட்டிருக்கிறோம். அங்கே யாராவது தூங்கினால் மச்சாள் வேலையை விட்டுவிட்டு அருகில் கதிரை போட்டு உட்காருவாள். அவள் எழும்பவேண்டி வந்தால் என்னைக் கூப்பிடுவாள். நானும் போய், அவர்களின் மூச்சைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.