அதே வளைவு, அதே தவறு

போன மழைக்காலத்தில் பிக்கட்டியிலிருந்து குந்தாவுக்கு இறங்கும்போது நான் செய்த தவறு இதுதான். கொண்டை ஊசி வளைவுக்கு முன் மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்குப் போகாமல் ஒன்றுக்குப் போய், கிளட்சைச் சட்டென்று விட்டேன். பின்சக்கரம் ஒரு கணம் பூட்டிக்கொண்டு ஈரத்தில் சறுக்கியது. பின்னால் இருந்த மனைவிக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. எனக்கு முழங்காலில் தோல் உரிந்ததோடு சரி.

அதன்பிறகு அவள் அலுவலகத்துக்குப் பஸ்ஸில் போனாள். நான் ஸ்லிப்பர் கிளட்ச் உள்ள பைக்குக்கு மாறினேன். மெக்கானிக் இரு உள்ளங்கைகளையும் சேர்த்து அழுத்திக் காட்டினார்.

"எஞ்சின் சக்கரத்தை ஓட்டறப்ப கிளட்சுக்குள்ள இருக்கற தட்டுங்க இப்படி இறுகிக்கும். திடீர்னு கியரைக் குறைச்சா சக்கரம் எஞ்சினை இழுத்துச் சுத்தப் பாக்கும். அப்ப உள்ள சரிவா வெட்டியிருக்கற பாகம் தட்டுங்களைக் கொஞ்சம் விலக்கிடும். ரெண்டு வேகமும் சமமானதும் மறுபடி புடிச்சுக்கும்."

"அப்ப விழவே மாட்டோமா?"

"ஏனுங்க, கிளட்சுதான் புதுசு. ஓட்டறது நீங்கதானே?"

ஒரு நாள் காலை பஸ் வரவில்லை. அவள் பையோடு வந்து என் பின்னால் ஏறினாள். அந்த வளைவுக்கு மேலே தோளைத் தட்டினாள்.

"நிறுத்துங்க. நான் எறங்கிக்கறேன். அன்னைக்குப் பண்ணுன அதே தப்பைப் பண்ணுங்க. நான் பாக்கோணும்."

தூறல் நின்றிருந்தது. சாலை கறுப்பாக மின்னியது. பையை மார்போடு அணைத்தபடி ஓரத்தில் நின்றாள். நான் கொஞ்சம் மேலே போய்த் திரும்பி வந்தேன். மூன்றிலிருந்து ஒன்று. விரல்கள் கிளட்சை விட மறுத்தன. பிடித்தபடியே வளைவைக் கடந்தேன்.

"விடவே இல்லீங்களே? சத்தமே வரலை."

திரும்ப மேலே போனேன். இந்த முறை விட்டேன். எஞ்சின் உறுமியது. கிளட்ச் பிடி விரலடியில் லேசாக அதிர்ந்தது. பின்சக்கரம் துளியும் சறுக்கவில்லை.

அவள் இறங்கி வந்து, சறுக்கிய தடம் இருக்கிறதா என்று சாலையைக் குனிந்து பார்த்தாள். இல்லை.

"இனி ரெண்டாவது கியரே போடுங்க" என்று ஏறிக்கொண்டாள்.

அடுத்த வளைவில் அவளுடைய இரண்டு கைகளும் என் விலாவை இறுக்கின. முறிந்து கூடிய கையின் பிடியும் மற்றதற்குக் குறையாமல் எனக்கு வலித்தது.