அண்ணன் கவிழ்த்த அண்டா

இலஞ்சியில் தென்னந்தோப்பு வீட்டில் பிறந்து, தென்காசியில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் விருந்து சமைத்துப் போட்ட எங்கள் அண்ணன் அவர்கள் மறைந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. பந்திக்கு வந்திருக்கும் நீங்கள் இந்த நினைவு மலரில் உள்ள என் கட்டுரையை வாசித்துவிட்டு இலையில் உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் அவருக்கு ஒரே தம்பி. போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவன். அடுக்குமொழி எனக்கு வராது, நடந்ததை எழுதத்தான் தெரியும்.

அப்பா காலமானதும் அண்ணன் படிப்பை விட்டுக் கரண்டி பிடித்தார். சைவ வீட்டுக் கல்யாணங்களில் மறுவீட்டு விருந்துக்குத் தேங்காய்ப்பால் சொதி, செங்கோட்டைப் பக்கம் மலையாளக் குடும்பங்களுக்கு அவியலும் பிரதமன் பாயசமும், சாரல் காலத்தில் குற்றாலத்தில் பரோட்டாக் கடை. கைமணம் அப்படி, கோபமும் அப்படி. சொதிக்குத் தேங்காயின் முதல் பாலைக் கடைசியில்தான் விட வேண்டும். விட்ட பிறகு கொதிக்கவே கூடாது. கொதித்தால் கரண்டி பறக்கும். “ஏலே, பாலைத் திரிய விட்டுட்டு அங்கன என்னலே வேடிக்கை பாக்க?” என்று அவர் எறிந்த கரண்டியின் தழும்பு என் புருவத்தில் இன்றும் இருக்கிறது. அன்று ரத்தத்தைக் கழுவி மஞ்சள் வைத்துக் கட்டியதும் அவர்தான். அவர் கோபத்தைப் பற்றி உறவினர்கள் நிறையப் பேசுகிறீர்கள். என் கோபத்தைப் பற்றி யாருக்கும் தெரியாது.

அண்ணனுக்கு உயிர்ச் சிநேகிதர் கடையநல்லூர்க்காரர் ஒருவர். தறி நெய்கிறவர், கல்யாணங்களுக்குப் பிரியாணி போடுகிறவர். அண்ணன் அவரை மச்சான் என்பார், நான் அத்தான் என்பேன். நோன்புக் காலத்தில் அவர்கள் தெருப் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்ச அண்ணன் போவார். எங்கள் மாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அவர் வருவார். சாமிக்கு வெட்டிய கறி அவர்கள் மார்க்கத்தில் ஆகாது. அதனால் அண்ணன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கொடையன்று காலையில் தனியாக ஒரு ஆடு தோப்பில் கட்டியிருக்கும். அத்தானே வந்து அவர்கள் முறைப்படி அறுத்து, தனி அண்டாவில் சமைப்பார். எங்கள் கறிக்குத் தேங்காய் வறுத்தரைப்போம், அவர் தேங்காய் சேர்க்க மாட்டார். கடைசியில் எல்லோரும் ஒரே பந்தலில் சாப்பிடுவோம்.

இருபது வருடங்களுக்கு முன் ஒரு கொடையில், கடையநல்லூரில் இருந்து எதிர்பார்த்ததைவிட இரண்டு வேன் ஆட்கள் கூடுதலாக வந்துவிட்டார்கள். தோப்பில் அத்தானின் அண்டாவை எட்டிப் பார்த்தேன். அத்தனை பேருக்குக் காணாது. வந்த விருந்தாளிக்குக் கறி பற்றவில்லை என்றால் நம் வீட்டு மானம் என்னாவது என்றுதான் அந்த நேரத்தில் தோன்றியது. சாமிக்கு வெட்டிய கறியில் இருந்து ஒரு வாளி அள்ளி, அத்தான் தொழப் போயிருந்த நேரம் பார்த்து, அந்த அண்டாவில் ஊற்றிக் கிளறிவிட்டேன். அடப் பாவி, என்ன காரியம் செய்தேன்!

பரிமாறும் முன் அத்தான் ஒரு துண்டை வாயில் போட்டார். உடனே துப்பினார்.

“மச்சான், இதுல உங்க கறி கலந்திருக்கு. தேங்காய் மணக்குது.”

“எம் பந்தியில எவனும் கலக்க மாட்டான்” என்றார் அண்ணன்.

“என் நாக்கு பொய் சொல்லாது மச்சான். யாரோ கலந்திருக்காங்க.”

மாட்டிக்கொள்வேன் என்று பயந்தேன். அந்தப் பயம்தான் கோபமாக வெளியே வந்தது. “எங்க அண்ணனையா பொய்யன்னு சொல்லுத?” என்று அடுப்பில் இருந்து புளியம் விறகை உருவி ஓங்கினேன். தலையைக் காக்க அவர் வலது கையைத் தூக்கினார். எலும்பு முறிந்த சத்தம் அடுப்புச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. மறுபடியும் அடித்தேன். மூன்றாவது அடிக்கு ஓங்கியபோது அண்ணன் என் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார். அதற்குள் வேனில் வந்தவர்களும் நம் ஆட்களும் கட்டிப் புரண்டார்கள். பந்தல் கால் சாய்ந்தது. ஒருவருக்கு மண்டை உடைந்தது. வெட்டரிவாள் வரை கை போய்விட்டது.

என் சட்டைக் கையில் எங்கள் கறி மசாலா ஒட்டியிருந்ததை அண்ணன் பார்த்தார். ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு கொதித்துக்கொண்டிருந்த அத்தானின் அண்டாவைக் காலால் உதைத்துக் கவிழ்த்தார். குழம்பு அவர் காலிலேயே கொட்டித் தோல் உரிந்தது.

“நான்தான் கலந்தேன்! கை தவறிப்போச்சு! எல்லாவனும் நிறுத்துங்கலே!” என்று கத்தினார்.

ஆஸ்பத்திரியில் அண்ணன் என்னிடம் சொன்னது ஒன்றுதான். “வெளிய சொன்னா உன் வேலை போயிரும். வாயத் திறக்காத.” திறக்கவில்லை. அத்தானும் புகார் கொடுக்கவில்லை. அந்தக் கையால் அவருக்குத் தறி இழுக்க முடியவில்லை, தறியை விற்றார். அண்ணன் தாங்கித் தாங்கி நடந்து மூன்று வருடம் நோன்புக் காலத்தில் அவர் வாசலில் போய் நின்றார். கதவு திறக்கவில்லை. நானோ ஸ்டேஷனில் எத்தனையோ பேரை அடித்து உண்மையைச் சொல்ல வைத்தேன்.

ஆனாலும் ஒவ்வொரு கொடைக்கும் அண்ணன் இரண்டாவது ஆட்டைத் தோப்பில் கட்டுவார். மதியம் வரை ரோட்டையே பார்ப்பார். அப்புறம் யாரையும் அறுக்க விடாமல் அவிழ்த்து விடுவார். போன வருடம் ஈரல் கெட்டுப் படுத்திருந்தபோதும், “ஆட்டைக் கட்டினியாலே?” என்றுதான் கேட்டார்.

அவர் படுக்கையில் கிடந்த நாட்களில் தினமும் கஞ்சி கொண்டுவந்த செங்கோட்டை டீக்கடைச் சேட்டனுக்கும், இரவு பகல் பார்த்த செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த கடையம் சம்பந்தி வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இறுதிச் சடங்குக்கு வளைந்த கையோடு வந்து, அண்ணன் காலில் இருந்த தழும்பைத் தடவி, “இவன் கலக்க மாட்டான்னு எனக்கு அன்னைக்கே தெரியும். ஏன் சொன்னான்னுதான் தெரியல” என்று அழுத அத்தானுக்கு நன்றி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அன்றும் நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அத்தான், கலந்தது நான். உங்களை அடித்ததும் நான். இந்த மலரின் முதல் பிரதியை உங்களுக்குத்தான் அனுப்பியிருக்கிறேன். தோப்பில் ஆடு கட்டியிருக்கிறது, நீங்கள் வராமல் இன்று இலை போட மாட்டோம். அறுக்க வாருங்கள். அறுக்க மனம் வராவிட்டாலும் வாருங்கள். புளியம் விறகு அடுப்புப் பக்கத்திலேயே கிடக்கிறது, நீங்கள் அதை ஓங்கினால் நான் கையைத் தூக்க மாட்டேன்.