வாயை மூடிச் சாப்பிட்ட மனுஷன்

என் வீட்டுக்காரர் பேசாமல் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. கொடைக்கானல் பஜாரில் எங்களுக்கு ஸ்வெட்டர் கடை. டூரிஸ்டுகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருடைய வாய் நாள் முழுக்கத் திறந்தேதான் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டைக் கடையில் நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொள்வார். ராத்திரி வீட்டில் உட்கார்ந்தால் சோற்றோடு சேர்ந்து அன்றைய வியாபாரக் கதையும் உள்ளே போகும். அப்புறம் ஏப்பம், அப்புறம் குறட்டை. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

போன பனிக்காலத்தில் ஒருநாள் அவர் வாயைத் திறக்காமல் மென்று மென்று சாப்பிட்டார். எனக்கு அப்போதே சுருக்கென்றது.

“ஏங்க, கடையில ஏதும் பிரச்சினையா?”

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். மறுநாளும் அதேதான். என் மேல் கோபமா என்றால் அதுவும் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் நல்லபடியாகத்தான் பேசினார்.

இதற்கு நடுவில் காலையில் வீடு திரும்பும் நேரமும் மாறியது. பள்ளிவாசல் எங்கள் தெருமுனையில்தான் இருக்கிறது. விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு வெள்ளனே வந்து டீ கேட்கிறவர், இப்போது வெயில் ஏறிய பிறகு வந்தார். கேட்டால், “ஒரு சோலி இருந்துச்சு புள்ள” என்பார். அந்த நேரத்தில் பஜாரில் ஒரு கடை திறந்திருக்காது. என்ன சோலி?

ஒருநாள் அவர் கழற்றிப் போட்ட ஸ்வெட்டரை உதறினேன். முதுகுப் பக்கம் முழுக்கப் பாயிலிருந்து பிய்ந்த கோரைத் துரும்பு. தொழப் போன மனுஷன் முதுகில் துரும்பு எப்படி ஒட்டும்? எங்கேயோ மல்லாந்து படுத்துவிட்டு வருகிறார். அதற்குமேல் யோசிக்காமல் ஸ்வெட்டரை மடித்து வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. என் தங்கச்சி போன் பண்ணியபோதுகூட மழையைப் பற்றித்தான் பேசினேன்.

வில்பட்டியிலிருந்து காலை பஸ்ஸில் கேரட்டும் பீன்ஸும் கொண்டு வருகிற அக்கா ஒருத்தி உண்டு. காய் எடுத்துப் போடும்போது அவளாகவே கேட்டாள்.

“அட்டுவம்பட்டியில உங்களுக்குச் சொந்தக்காரவுக இருக்காகளா? பாய் வண்டி தெனமும் அங்கன ஒரு வீட்டு வாசல்ல நிக்கிது.”

“ஆமா, இருக்காங்க,” என்று பொய் சொல்லிவிட்டு, அந்த வீடு எந்தப் பக்கம் என்று மட்டும் பேச்சுவாக்கில் கேட்டு வைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் அவர் தொழப் போன கொஞ்ச நேரத்தில் நானும் கிளம்பினேன். பனியில் எதிரே வருகிற ஆள் தெரியவில்லை. பஸ்ஸில் போய் இறங்கி நடந்தேன். பச்சை கேட் போட்ட வீடு. அவருடைய வண்டி அங்கேதான் நின்றது. கதவைத் தட்டினேன். தலை நரைத்த ஒரு அம்மா திறந்தார்.

“யாரும்மா வேணும்?”

“அந்த வண்டிக்காரரோட வீட்டுக்காரி நான்.”

அவர் முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. “உள்ள வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும்,” என்றார்.

கூடத்தில் பாயை விரித்து, முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்திருந்தார் என் வீட்டுக்காரர். வாய் மூடியிருந்தது. வயிற்றின் மேல் மடித்து வைத்த ஒரு போர்வை மெல்ல ஏறி, மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அது பாதியில் நின்றது.

“எந்திரிக்காதீங்க. மூச்சை முழுசா விட்டுட்டு எந்திரிங்க,” என்றார் அந்த அம்மா.

ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்து ரிட்டயரானவராம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மூச்சு விட ஒருத்தர் கற்றுத் தரவேண்டுமா? அதை ஏன் பெண்டாட்டியிடம் மறைக்கவேண்டும்?

திரும்பும்போது வண்டியைத் தள்ளிக்கொண்டே அவர் சொன்னார். ஒருநாள் கடையில் நெஞ்சை அடைத்திருக்கிறது. ஹார்ட்தான் என்று பயந்துபோய், சரக்கு எடுக்கப் போவதாக என்னிடம் சொல்லிவிட்டுத் தனியாகத் திண்டுக்கல் போய் ஈசிஜி எடுத்திருக்கிறார். இருதயத்தில் கோளாறு இல்லையாம். வாயால் மூச்சு விடுவதும், பேசிக்கொண்டே அவசரமாக விழுங்குவதும் காற்றை வயிற்றில் நிரப்புகிறது, அதுதான் மேலே முட்டுகிறது, ராத்திரித் தூக்கத்தையும் கெடுக்கிறது என்று அந்த டாக்டர் சொல்லி, இந்த அம்மாவிடம் அனுப்பியிருக்கிறார்.

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

“ஹார்ட்டுன்னா நீ பயப்படுவ. கேஸுன்னா சிரிப்ப. ரெண்டும் வேணாம்னுதான்.”

நான் சிரிக்கவில்லை. அந்த நாலு மணி நேர வழியெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இவர் ஒற்றை ஆளாகப் பஸ்ஸில் உட்கார்ந்திருந்ததுதான் கண்ணில் நின்றது. வேறொருத்தி இருந்திருந்தால்கூட இத்தனை கோபம் வந்திருக்காது என்று அப்போது தோன்றியது.

கேஸ் என்று சொல்லி அலட்சியமாக இருந்து செத்துப்போனவர்களின் கதை எனக்கு நிறையத் தெரியும். அதனால் விடவில்லை. வத்தலக்குண்டில் வேறொரு டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன். மெஷினில் ஓடவிட்டுச் சோதித்துப் பார்த்தார். இருதயம் நன்றாக இருக்கிறது என்று அவரும் சொன்னார். மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கம்பளித் தூசியில் உள்ளே வீங்கிக்கிடக்கிறது, அதனால்தான் வாய் தானாகத் திறந்துகொள்கிறது என்று மூக்குக்கு மருந்து கொடுத்தார். குறட்டை எப்படி என்று இவரிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார்.

கோடை வருவதற்குள் வித்தியாசம் தெரிந்தது. ஏப்பம் குறைந்தது. நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்காமல் பள்ளிவாசலில் காலைப் பாங்கு சொல்லும்வரை தூங்கினார். சீசன் கூட்டத்தில் மறுபடியும் நின்றுகொண்டே தின்ன ஆரம்பித்தார். நான் கடைக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டு வந்தேன். அட்டுவம்பட்டி அம்மாவை நான் முழுசாக நம்பியதாகச் சொல்லமாட்டேன். ஆனால் ஊறுகாய் போட்டால் அவருக்கும் ஒரு பாட்டில் போகிறது.

இப்போது டாக்டரிடம் இரண்டு பேரும்தான் போகிறோம். போனமுறை, “வேற எதுவும் தொந்தரவு இருக்கா?” என்று டாக்டர் கேட்டார். “ஒண்ணுமில்ல சார்,” என்று இவர் எழுந்துவிட்டார். நான் எழவில்லை. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். இவர் மறுபடி உட்கார்ந்து, “இந்த இடது முட்டிதான் சார், ஏத்தம் ஏறுறப்போ வலிக்குது,” என்றார்.